தவறுக்குப் பின்னால் ஓடும் அம்புக்குறிகள்: ஆலைப் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கரும்பு அறுவடைப் பருவத்தின் நடுவில் ஓர் இரவு, மொரீஷியஸின் ஒரு சர்க்கரை ஆலையில், பாய்லரில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று அலாரம் அடித்தது. அந்த ஷிப்டில் அது ஆறாவது முறை. முந்தைய ஐந்தும் பொய். பணியில் இருந்த ஆபரேட்டர் பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தினார். எழுந்து போய் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆறாவது அலாரம் உண்மையானது. வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த ஃபிட்டர் ஒருவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கத்தியதால், பாய்லரில் எரியும் கரும்புச் சக்கை உள்ளே போவதை உடனே நிறுத்தினார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் குழாய்கள் பழுக்கக் காய்ந்து பலமிழக்கும். அந்த நிலையில் பதறிப்போய் உள்ளே தண்ணீரை விட்டால் வெடிப்பே நேரலாம். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை அறிக்கையை எழுதியவன் நான். காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினேன். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. "பா மோ ஃபோட்" என்று அவர் க்ரியோலில் சொன்னார். என் தவறில்லை என்று பொருள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறொரு ஆபரேட்டர், அதே பொத்தானை அதேபோல் அழுத்தினார்.

இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறுகிறார்கள் என்றால், தேட வேண்டியது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை. களைப்பு, ஆள் பற்றாக்குறை, பழுதான கருவி, குழப்பமான பலகை என்று பட்டியல் போடுவது எளிது. எல்லாப் பாதுகாப்பு அதிகாரிகளும் போடுகிறோம். கடினமான வேலை அந்தப் பட்டியலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பட்டியலில் உள்ளவை ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. அந்தத் தூண்டுதலை வரைந்து, எண்ணாக்கி, எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தீவில் 2005ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தின் கீழ்ப் பணிக்கு வரும் இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மருத்துவமனை, துறைமுகம், மின் நிலையம் எங்கே வேலை பார்ப்பவருக்கும் வழி இதுவே.

முதலில் ஒரே ஒரு வேலையையும் அதில் நேரும் ஒரே ஒரு தவறையும் தேர்ந்தெடுங்கள். "ஆலையில் மனிதத் தவறு" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். "நீர்மட்ட அலாரம் அடித்தபின் ஆபரேட்டர் கண்ணாடியைப் பார்க்காமல் விடுவது" என்று எழுதினால் வேலை நடக்கும். தவறு ஒரு வினைச்சொல்லில் முடிய வேண்டும்: பார்க்காமல் விட்டார், தவறான வால்வைத் திறந்தார், அளவை மாற்றி எழுதினார்.

அடுத்தது காரணிகளைச் சேகரிப்பது. இதற்கு அலுவலகத்தில் உட்காராதீர்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பாய்லர் அறைக்குப் போங்கள். வெப்பம், இரைச்சல், தேநீர் எங்கே கிடைக்கிறது, கண்ணாடியைப் பார்க்க எத்தனை படி ஏற வேண்டும், அந்தப் படியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். ஆட்களிடம் "ஏன் தவறு நடந்தது?" என்று கேட்டால் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். "இந்த வேலையைச் சிரமமாக்குவது எது?" என்று கேளுங்கள். கொட்டித் தீர்ப்பார்கள்.

மொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகும் நாடு நம்முடையது; அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஆலைப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன, நம் ஆட்கள் பேசுவது க்ரியோல், பக்கத்தில் நிற்பவர் வங்கதேசத்திலிருந்தோ மடகாஸ்கரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். "எச்சரிக்கைப் பலகை உள்ளதா?" என்ற கட்டத்தில் சரி என்று குறித்துவிட்டுப் போகிறோம். படிக்க முடியாத பலகை இல்லாத பலகைதான். நேர்காணலையும் அவரவர் மொழியில் நடத்துங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போங்கள்.

பட்டியல் இருபது முப்பது என்று நீளும். அதை ஐந்திலிருந்து பத்துக்குள் சுருக்க வேண்டும். ஒரே பொருளைச் சொல்பவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு காரணிக்கும் கெட்ட திசையில் பெயர் வையுங்கள்: "பயிற்சி" என்று எழுதாமல் "பயிற்சிக் குறைவு" என்று எழுதுங்கள். இல்லையென்றால் பின்னால் அம்புக்குறி போடும்போது, கூடினால் நல்லதா கெட்டதா என்று எல்லாரும் குழம்புவார்கள்.

இந்தக் கட்டத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டம் ஆபத்தாக இறங்கினால் சக்கை போவதைத் தானே நிறுத்த வேண்டிய கருவி அந்த இரவில் பைபாஸ் செய்யப்பட்டிருந்தது. பொய் அலாரங்களால் ஆலை அடிக்கடி நிற்கிறது என்று யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். அதையும் தவறுக்கான காரணிகளில் ஒன்றாகப் போட்டேன். அது சரியில்லை. பைபாஸ் ஆபரேட்டரைத் தவறச் செய்யவில்லை. தவறு நடந்தபின் அது விபத்தாக மாறும் வழியைத் திறந்துவைத்தது. தவறை உண்டாக்குபவை ஒரு படம், தவறைத் தடுத்து நிறுத்துபவை இன்னொரு படம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே தெளிவில்லாமல் போகும்.

இனி, புத்தகங்களில் உள்ள முறைகளுக்கு வருவோம். மனிதத் தவறின் நிகழ்தகவை மதிப்பிடுவதில் பெயர்பெற்றவை சில: அமெரிக்க அணுமின் துறைக்காக 1983இல் வெளியான தெர்ப் (THERP), பிரிட்டனில் 1980களில் உருவான ஹார்ட் (HEART), 2005இல் வந்த ஸ்பார்-எச் (SPAR-H). ஸ்பார்-எச் எட்டுக் காரணிகளை எடுத்துக்கொள்கிறது: கிடைக்கும் நேரம், மன அழுத்தம், வேலையின் சிக்கல், அனுபவமும் பயிற்சியும், செயல்முறைக் குறிப்புகள், கருவிகளின் அமைப்பு, பணிக்கு ஏற்ற உடல் மனநிலை, நிறுவனத்தின் வேலைமுறை. இந்த முறையில், சாதாரண நிலையில் ஒரு செயல் தவறும் நிகழ்தகவு 0.001. களைத்த நிலை என்றால் 5ஆல் பெருக்கு, கருவி அமைப்பு மோசம் என்றால் 10ஆல் பெருக்கு, 0.05 வந்துவிடும். அதோடு மன அழுத்தமும் அதிகம் என்றால் இன்னும் 2ஆல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் பாதகமானால், விடை 1ஐத் தாண்டிவிடாதபடி ஒரு திருத்தச் சூத்திரம் வரும். நம் கணக்கில் 0.1 என்பது 0.091 ஆகும்.

தொடங்குபவருக்கு இது நல்ல முறை. ஒரே மதியத்தில் கணக்குப் போட்டுவிடலாம், கட்டாயம் போட்டுப் பாருங்கள். ஆனால் பெருக்கல் காரணிகளைத் தனித்தனி ஆட்களாகப் பார்க்கிறது. களைப்பும் மன அழுத்தமும் ஒரே வேரிலிருந்து வந்திருந்தால், ஒரே துன்பத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். அதைவிட முக்கியம், அந்த வேர் எது என்பதைப் பெருக்கல் சொல்லாது.

வேரைப் பார்க்க அம்புக்குறி வேண்டும். நம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்து, சுமார் 1000 டன் நம் கடலில் கலந்தது. மாஹேபூர் கடற்கரையில் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைத்த கைகள் இன்னும் நினைவில் இருக்கும். கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது இது: தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போக இருந்த பாதையை ஜூலை 23 அன்று 5 மைலாக மாற்றினார்கள், 25 அன்று கைபேசி சிக்னல் கிடைக்கும் எல்லைக்குள் வர 2 மைல் வரை நெருங்க முயன்றார்கள், கரையின் தூரத்தையும் ஆழத்தையும் சரியாகக் காட்டும் அளவுள்ள வரைபடம் பயன்படுத்தப்படவில்லை, கண்காணிப்பும் சரியாக நடக்கவில்லை.

இதைப் பட்டியலாக எழுதினால் நான்கு குற்றங்கள். அம்புக்குறியாக வரைந்தால் வேறு கதை. கைபேசி சிக்னலுக்கான ஏக்கம் பாதையை மாற்றுகிறது. 22 மைல் தள்ளிப் போகும்போது பெரிய பரப்பைக் காட்டும் வரைபடம் போதும். 2 மைலில் அதே வரைபடம் ஆபத்தாகிவிடுகிறது. ஆக, வரைபடக் குறையை ஆபத்தாக்கியதே பாதை மாற்றம்தான். இன்னும் பின்னால் போங்கள். சிக்னலுக்கு ஏன் அவ்வளவு ஏக்கம்? அந்த ஆண்டு கொரோனாவால் உலகெங்கும் மாலுமிகளை மாற்றுவதே முடங்கிப்போயிருந்தது. கப்பலில் குடும்பத்தோடு பேச என்ன வசதி இருந்தது, எவ்வளவு நேரம் தந்தார்கள் என்ற கேள்வி கப்பல் பாதுகாப்புக் கேள்விதான். அம்புக்குறி வரையும் பழக்கம் இல்லாதவருக்கு அது நலவாழ்வுத் துறையின் விஷயமாகத் தோன்றும்.

பாய்லர் அறைக்குத் திரும்புவோம். ஐந்து காரணிகள்: ஆள் பற்றாக்குறை, பராமரிப்புத் தாமதம், பொய் அலாரம், களைப்பு, ஷிப்ட் ஒப்படைப்பில் குறை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேள்வி: "இது மோசமானால், அது நேரடியாக எவ்வளவு மோசமாகும்?" 0 என்றால் இல்லை, 1 சிறிது, 2 நடுத்தரம், 3 அதிகம், 4 மிக அதிகம். இந்த முறைக்கு டெமடெல் (DEMATEL) என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் உருவானது. "நேரடியாக" என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்லுங்கள். சுற்றி வரும் தாக்கத்தைக் கணக்கு தானே கண்டுபிடிக்கும். மனிதர்களும் சேர்த்துச் சொன்னால் இரட்டிப்பாகிவிடும்.

பயிற்சிக்காக இந்த மதிப்பெண்களை வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் என் கற்பனை:

ஆள் பற்றாக்குறை → பராமரிப்புத் தாமதம் 3, களைப்பு 4, ஒப்படைப்புக் குறை 1
பராமரிப்புத் தாமதம் → பொய் அலாரம் 4
பொய் அலாரம் → களைப்பு 2
களைப்பு → ஒப்படைப்புக் குறை 3, ஆள் பற்றாக்குறை 1
ஒப்படைப்புக் குறை → பராமரிப்புத் தாமதம் 1

மற்றவை எல்லாம் 0. களைப்பு எப்படி ஆள் பற்றாக்குறையை உண்டாக்கும் என்று கேட்கலாம்: களைத்தவர் நோயென்று விடுப்பு எடுக்கிறார், மிச்சம் இருப்பவர் இரட்டை ஷிப்ட் பார்க்கிறார். இத்தகைய சுழல்கள்தான் உங்கள் படத்தில் மிகவும் விலைமதிப்புள்ளவை. அவற்றைக் காண நேர்ந்தால் சிவப்பு மையில் வரையுங்கள்.

இதை 5×5 அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு வரிசையையும் கூட்டுங்கள். பெரிய கூட்டுத்தொகை 8, ஆள் பற்றாக்குறையுடையது. எல்லா எண்ணையும் 8ஆல் வகுத்தால் கிடைப்பது இயல்பாக்கிய அணி. அலகு அணியிலிருந்து அதைக் கழித்து, நேர்மாறு கண்டு, இயல்பாக்கிய அணியோடு பெருக்கினால் மொத்தத் தாக்க அணி வரும். பயப்பட வேண்டாம், எக்செலில் மின்வர்ஸ் (MINVERSE), எம்மல்ட் (MMULT) என்ற இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும். இப்போது வரிசைக் கூட்டுத்தொகை ஒரு காரணி பிறவற்றுக்குக் கொடுக்கும் தாக்கம். நிரல் கூட்டுத்தொகை அது பிறவற்றிடம் வாங்கும் தாக்கம். நம் கணக்கில்:

ஆள் பற்றாக்குறை: கொடுப்பது 1.69, வாங்குவது 0.26
பராமரிப்புத் தாமதம்: 0.72, 0.72
பொய் அலாரம்: 0.45, 0.86
களைப்பு: 0.79, 1.10
ஒப்படைப்புக் குறை: 0.22, 0.94

கொடுப்பதிலிருந்து வாங்குவதைக் கழியுங்கள் (தசமங்களைச் சுருக்காத எண்களில் கணக்கிட்டதால், இங்கும் கீழேயும் கடைசி இலக்கம் சற்று வேறுபடலாம்). ஆள் பற்றாக்குறை +1.43; தெளிவான ஊற்று. ஒப்படைப்புக் குறை −0.73; எல்லாம் வந்து வடியும் பள்ளம். அந்த ஆலையில் விசாரணைகள் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது எது தெரியுமா? ஷிப்ட் ஒப்படைப்புக்குப் புதுப் படிவம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம், மேலே குழாய் திறந்தே இருந்தது.

இரண்டையும் கூட்டியும் பாருங்கள். களைப்புக்கு 1.89, ஆள் பற்றாக்குறைக்கு 1.96, மற்றவை பின்தங்குகின்றன. களைப்பு இந்த வலையின் சந்திப்பு. கண்காணிக்க ஏற்ற இடம் அது: களைப்பு ஏறுகிறது என்றால் பல வழிகளில் ஏதோ சேர்ந்து வருகிறது. ஆனால் களைத்தவருக்கு அறிவுரை சொல்லி அதைக் குறைக்க முடியாது, அது வாங்கும் காரணி. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் பற்றாக்குறையிலிருந்து பொய் அலாரத்துக்கு நாம் கொடுத்த மதிப்பெண் 0. கணக்கு முடிந்தபின் அந்தக் கட்டத்தில் 0 இருக்காது. பராமரிப்பு வழியாகப் பாதை திறந்துகொள்கிறது. ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்கும் கூட்டத்தில் அலாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வைக்க உங்களிடம் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது.

மதிப்பெண் வாங்கும்போது மேலாளர்களையும் ஷிப்ட் ஆட்களையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். தனித்தனி அட்டவணை போட்டு அருகருகே வையுங்கள். "களைப்பு → ஒப்படைப்புக் குறை" என்பதற்கு மேலே 1, கீழே 4 என்று வந்தால், சராசரி 2.5 என்பது யாருடைய அனுபவமும் இல்லை. அந்த வேறுபாடே நீங்கள் கண்டுபிடித்த செய்தி. பெயர் எழுதாமல் வாங்குங்கள். மேற்பார்வையாளர் அறையில் இருக்கும்போது வாங்காதீர்கள்.

பிறகு படத்தைச் சோதியுங்கள். கடந்த சில ஆண்டுகளில் நடந்த மூன்று நான்கு நூலிழைத் தப்பல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் விரலால் அம்புக்குறி மேல் நடத்திப் பாருங்கள். விரல் எங்காவது தாவ வேண்டியிருந்தால் அங்கே ஓர் அம்புக்குறி விடுபட்டிருக்கிறது. மதிப்பெண்களை ஒன்று கூட்டியும் குறைத்தும் மீண்டும் கணக்கிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் பராமரிப்புத் தாமதம் கொடுப்பதும் வாங்குவதும் ஏறத்தாழச் சமம். "ஒப்படைப்புக் குறை → பராமரிப்புத் தாமதம்" என்பதை 1இலிருந்து 2 ஆக்கினாலே அது வாங்கும் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் அதை ஊற்று என்றோ பள்ளம் என்றோ அறிக்கையில் அடித்துச் சொல்லக்கூடாது. ஆள் பற்றாக்குறையின் இடம் அப்படி எளிதில் அசையாது.

டெமடெல் தரும் எண்கள் நிகழ்தகவு அல்ல. நிர்வாகம் "ஆயிரத்தில் எத்தனை முறை?" என்று கேட்டால் அடுத்த கருவி பேயிசிய வலை. அதே அம்புக்குறிப் படத்தில், ஒவ்வொரு காரணிக்கும் அதன் "பெற்றோர்", அதாவது அதற்கு அம்பு அனுப்பும் காரணிகள், எந்த நிலையில் இருந்தால் இது எந்த நிலையில் இருக்கும் என்று நிபந்தனை நிகழ்தகவு அட்டவணை எழுத வேண்டும். இது சுழல்களை ஏற்காது. களைப்பிலிருந்து ஆள் பற்றாக்குறைக்கும், ஒப்படைப்புக் குறையிலிருந்து பராமரிப்புத் தாமதத்துக்கும் திரும்பும் அம்புகளை வெட்டிவிடவோ, இந்த வாரம், அடுத்த வாரம் என்று காலத்தால் பிரிக்கவோ வேண்டும். ஒரு காரணிக்கு மூன்று பெற்றோருக்கு மேல் வைக்காதீர்கள். அட்டவணை பெருகி, யாரும் உண்மையில் யோசிக்காத எண்களால் நிரம்பிவிடும்.

அந்த உழைப்பு எதற்கு என்பதற்கு ஒரு சிறு கணக்கு. களைப்பு 30 விழுக்காடு ஷிப்டுகளில், பொய் அலாரத் தொல்லை 30 விழுக்காடு ஷிப்டுகளில் என்று கொள்வோம். இரண்டும் இல்லையென்றால் தவறின் நிகழ்தகவு 0.001, ஒன்று மட்டும் என்றால் 0.005, இரண்டும் சேர்ந்தால் 0.05. தொடர்பில்லாதவை என்று நினைத்தால் இரண்டும் சேர்ந்து வருவது 9 விழுக்காடு. மொத்தத்தில் ஆயிரத்துக்கு ஏழு தவறு. ஆனால் இரண்டையும் தூண்டுவது ஒரே ஆள் பற்றாக்குறை என்பதால் அவை 20 விழுக்காடு ஷிப்டுகளில் சேர்ந்தே வருகின்றன என்றால், ஆயிரத்துக்கு ஏறத்தாழ பன்னிரண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மாறவில்லை, அதே 30, அதே 30. கெட்டவை கைகோத்து வரும் இரவுகள் மட்டும் கூடியிருக்கின்றன. அந்த ஆறாவது அலாரம் அப்படியோர் இரவில்தான் அடித்தது.

கடைசிப் படி படத்தைத் திருப்பிக் கொடுப்பது. மேலாளருக்கு அனுப்புவதற்கு முன் பாய்லர் அறையில் விரித்து வையுங்கள், பேனாவையும் அங்கேயே வையுங்கள். நான் அப்படிச் செய்தபோது, எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய அந்த ஆபரேட்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நான் வரையாத ஓர் அம்புக்குறியை வரைந்தார்: ஒப்படைப்புக் குறையிலிருந்து பொய் அலாரத்துக்கு. எந்த அலாரம் பொய் என்று முந்தைய ஷிப்ட்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவார், அதை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை, எழுதாததால் யாரும் சரிசெய்வதில்லை என்றார். அவர் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுக்கச் சொல்லி அன்று மாலையே எழுதிக்கொடுத்தேன்.

படத்தில் தேதி போடுங்கள். அறுவடை ஜூனில் தொடங்கினால் மே மாதத்தில் மீண்டும் உட்கார்ந்து வரையுங்கள். போன பருவத்தில் இருந்த ஆட்களும் கருவிகளும் இந்தப் பருவத்தில் இருக்கமாட்டார்கள்.